காதல் நாவலொன்றைப் படித்தபோது



காதல் நாவல் படிக்கும் வயதை நான் கடந்து நெடுநாளாகிவிட்டது. அரசாங்க அலுவலிலிருந்து ஓய்வு பெற்று, மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று நாளுக்கு நான்கு முறை தேடுகின்ற ஒருவன், இளைஞர் இருவரின் காதலைப் பற்றி வானொலியில் பேச வந்திருப்பது உங்களில் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். அந்த நூலை நானாக விரும்பி எடுக்கவில்லை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்து, இப்போது குருகிராமத்தில் வேலை பார்க்கும் என் மகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதை என் மேசைமீது வைத்துவிட்டு, “அப்பா, இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று கூறிப் புறப்பட்டுப் போனாள். எதைச் சொல்வது என்று அவளும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அட்டையைப் பார்த்த மாத்திரத்திலேயே எங்கள் இருவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

நூலின் பெயர் ‘டூ ஸ்டேட்ஸ்’. இரண்டு மாநிலங்கள் என்று பொருள். ‘என் திருமணத்தின் கதை’ என்பது துணைத்தலைப்பு. சேதன் பகத் ஆங்கிலத்தில் எழுதி 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது, இலட்சக்கணக்கில் விற்றது. 2014இல் ஹிந்தித் திரைப்படமாகவும் வந்தது. ஆசிரியர் தில்லிப் பஞ்சாபி. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் தம்மோடு படித்த தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அந்த அனுபவத்தைக் கற்பனையோடு கலந்து கதையாக்கியிருக்கின்றார். நூலைத் தம் மாமனார் வீட்டாருக்கே உரிமையாக்கியிருக்கின்றார். துணிச்சலான மனிதர் என்றுதான் சொல்லவேண்டும். உள்ளே அந்த வீட்டாரை அவர் வருணித்திருக்கும் முறை அப்படி.

கதை எளியது. பஞ்சாபி இளைஞன் கிரிஷ். மயிலாப்பூர்ப் பிராமணக் குடும்பத்துப் பெண் அனன்யா. அகமதாபாத்தில் மாணவர் உணவுக்கூடத்து வரிசையில், அங்கே ஊற்றப்படும் சாம்பார் சாம்பாரே அன்று என்று பணியாளரிடம் அவள் வழக்காடிக்கொண்டிருக்கும்போது, அவன் அவளைப் பார்க்கின்றான். தமிழ்நாட்டுக்கு வெளியே விடுதியில் உண்டவர்கள் எவரும் அந்தப் பெண்ணின் கட்சியில்தான் சேருவார்கள். நட்பு காதலாகின்றது. படிப்பு முடிகின்றது. பட்டமளிப்பு விழாவில் இரு குடும்பங்களும் சந்திக்கின்றன. சந்தித்த முதல் நாளே முகம் சுளிக்கின்றன. ஓடிப்போய் மணம் செய்துகொள்வது அவர்களுக்கு எளிது. இருவருக்கும் நல்ல வேலை இருக்கின்றது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அவர்கள் பக்கம் இருக்கின்றது. ஆயினும் அவர்கள் அதைச் செய்வதில்லை. நான்கு பெற்றோரும் முகமலர்ந்து வாழ்த்தினால்தான் திருமணம் என்று முடிவு செய்துகொள்கின்றனர். எஞ்சிய நூல் முழுவதும் அந்தச் சம்மதத்தைத் தேடும் பாடுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு நூலின்மீது முதல் மதிப்பு பிறந்தது. காதலுக்குப் பகையாகக் கொடியவன் ஒருவனையோ தீராத நோயையோ கொண்டுவந்து நிறுத்துவது நாவலாசிரியர்களுக்குப் பழகிப்போன வழி. இங்கே பகையாக நிற்பவர்கள் பெற்ற தாயும் தந்தையும். அவர்களை வெல்வதும் கூடாது, தோற்பதும் கூடாது. இணங்கச் செய்ய வேண்டும். இது கத்தியினும் கூரிய சிக்கல்.

ஆனால் அந்த மதிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. கிரிஷ் சென்னைக்கு வேலை மாற்றிக்கொண்டு வருகின்றான். வந்த நாள்முதல் அவன் காணும் சென்னை எது தெரியுமா? கறுத்த முகங்கள், புரியாத மொழி, மீசை பெருத்த திரைப்பட விளம்பரங்கள், சிரிக்காத மனிதர்கள். அவன் காதலியின் வீட்டுக் கூடத்தில் ‘ஹிந்து’ நாளிதழுக்குப் பின்னால் முகம் மறைந்த ஒரு தந்தை. வாய் திறவாத தாய். தரையில் அமர்ந்து வாழையிலையில் உணவு. நகைச்சுவை என்றுதான் ஆசிரியர் இவற்றை எழுதியிருக்கின்றார். நகைச்சுவை சில இடங்களில் நன்றாகவும் இருக்கின்றது. ஆனால் நிறத்தைப் பற்றிய கேலி மூன்றாம் முறை வரும்போது நான் பென்சிலை எடுத்துவிட்டேன். அலுவலகத்தில் கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கை. ஓரத்தில் தமிழில் எழுதலானேன்: “இது தவறு.” “இது மிகை.” “மயிலாப்பூரில் சிரிப்பவர்களும் உண்டு.”

இரண்டு இரவுகளில் அந்தப் பென்சில் பாதி தேய்ந்துவிட்டது.

தில்லியில் நாற்பது ஆண்டுகள் இருந்தவன் நான். ‘மதராஸி’ என்ற சொல்லை எத்தனை விதமான தொனிகளில் சொல்லக் கூடும் என்பதை நீங்களும் அறிவீர்கள்; நானும் அறிவேன். அன்போடு சொல்லலாம், இளப்பமாகச் சொல்லலாம், கேரளத்தவரையும் ஆந்திரரையும் நம்மோடு ஒரே மூட்டையில் கட்டிச் சொல்லலாம். அந்த மூட்டையை அவிழ்த்து, இவர்கள் தமிழர், இவர்களுக்கென்று தனி ஊரும் சங்கீதமும் பிடிவாதமும் உண்டு என்று ஒரு வடநாட்டு நூல் இத்தனை இலட்சம் பேருக்குச் சொல்லியிருப்பது நன்மைதானே என்று பிறகு தோன்றியது. ஆனால் பிறகுதான் தோன்றியது. அந்த இரவுகளில் எனக்குக் கோபம் மட்டுமே இருந்தது.

நேர்மையாகச் சொல்வதானால், ஆசிரியர் தம் சொந்த மக்களையும் விட்டுவைக்கவில்லை. கிரிஷின் தாய் கவிதா, தமிழ்ப் பெண்கள் சிவந்த பஞ்சாபிப் பையன்களை வலைவீசிப் பிடிப்பவர்கள் என்று உறுதியாக நம்புகின்றவள். ஹேமமாலினியும் ஸ்ரீதேவியும் அவளுக்குச் சான்றுகள்! கிரிஷின் உறவினர் திருமணம் ஒன்றில், மாப்பிள்ளை வீட்டார் பெரிய மோட்டார் கேட்டு முரண்டு பிடிக்கும்போது, அத்தனை பேர் நடுவில் நின்று நியாயம் பேசித் திருமணத்தை நடத்தி வைப்பவள் நம் அனன்யாதான். அந்த அத்தியாயத்தைப் படித்தபோது என் பென்சில் ஓய்வெடுத்தது. மேலும் ஒன்று: நம் வீட்டுக் கூடங்களில், கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டாரின் வெண்ணெயையும் சத்தத்தையும் ஆடம்பரத்தையும் பற்றி நாம் பேசிய பேச்சுகளை எவரேனும் நூலாக அச்சிட்டால் எத்தனை பக்கம் வரும்? நம்மவர் அதை அச்சிடவில்லை, அவ்வளவே வேற்றுமை.

என் மனைவிக்கு ஆங்கில நாவல் படிக்கும் வழக்கம் இல்லை. “அப்படி என்னதான் எழுதியிருக்கிறது அதில்?” என்று கேட்டாள். ஒவ்வொரு மாலையும் சமையலறை வாயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கதையை அவளுக்குத் தமிழில் சொன்னேன். நான் இந்த நூலை உண்மையில் படித்தது அப்போதுதான் என்று சொல்லவேண்டும்.

கிரிஷ் பெண்வீட்டாரின் மனத்தைக் கவர எடுத்துக்கொள்ளும் முயற்சிகளை நான் சுவைபடச் சொன்னேன். அனன்யாவின் தம்பிக்கு விடியற்காலையில் பாடம் சொல்லிக் கொடுக்கின்றான். வங்கியில் வேலை பார்க்கும் தந்தைக்குக் கணிப்பொறியில் அறிக்கை தயாரித்துத் தருகின்றான். கர்நாடக இசை பயிலும் தாய் ராதாவை, தன் வங்கி நடத்தும் கச்சேரியில் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தோடும் ஹரிஹரனோடும் மேடையேறிப் பாடச் செய்கின்றான். இறுதியில் நான்கு மோதிரங்களை வாங்கி வந்து, பெண்ணை மட்டுமல்லாமல் குடும்பம் முழுவதையுமே ‘என்னை ஏற்றுக்கொள்வீர்களா’ என்று கேட்கின்றான். “கெட்டிக்காரப் பையன்” என்று நான் முடித்தேன்.

அவள் கேட்டாள்: “அந்தப் பெண்ணின் அம்மா என்ன நினைத்தாளாம்?”

நான் நூலைப் புரட்டிப் பார்த்தேன். அவள் பாடுகின்றாள், மகிழ்கின்றாள், மனம் இளகுகின்றாள். ஆனால் என்ன நினைத்தாள் என்பதற்கு உருப்படியாக ஒரு பக்கமும் எனக்குக் கிடைக்கவில்லை. கதை முழுவதையும் சொல்பவன் கிரிஷ். அவனுக்குத் தமிழ் வீட்டின் கூடம் தெரியும், அடுக்களை தெரியாது. ராதாவின் மௌனத்தை அவன் குளிர்ந்த மௌனமாகவே கேட்கின்றான்.

“நான் 1986இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது ஆறு மாதம் யாரோடும் பேசவில்லையே, நினைவிருக்கிறதா? ஹிந்தி தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பெரிய கர்வி என்று எண்ணியிருந்தாளாம். பின்னால் அவளே சொல்லிச் சிரித்தாள்” என்றாள் என் மனைவி.

அது சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பு. எதிர்வீட்டுக் குடும்பம் 1947இல் லாகூரை விட்டு வந்த குடும்பம். காய்கறி வண்டிக்காரன் வரும்போதெல்லாம் அந்த அம்மாள் ஒவ்வொரு காயாக எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லியே என் மனைவிக்கு ஹிந்தி கற்பித்தாள். நான் அலுவலகம் சென்றுவிடுவேன். இவையெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என் வீட்டு மௌனத்தை நானே அவ்வளவுதான் படித்திருக்கின்றேன் எனில், பஞ்சாபிப் பையனைக் குறை சொல்லி என்ன பயன்?

திரைப்படத்தில் ராதாவாக நடித்தவர் ரேவதி. மகள் அதையும் ஒருநாள் எங்களுக்குக் காட்டினாள். நாவலில் இல்லாத பக்கங்கள் அவர் முகத்தில் இருக்கின்றன. தமிழ் பேசும் ஒருவர் அந்த இடத்தில் நின்றுவிட்டால் மௌனத்துக்கும் பொருள் வந்துவிடுகின்றது என்பதைக் கண்டேன்.

என் மனைவி கேட்ட இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. கிரிஷின் தந்தை ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. தாயிடம் கொடுமையாக நடந்துகொள்பவர். மகன் அவரோடு பேசுவதே இல்லை. “அந்நியர் நாலு பேரின் மனத்தைப் பிடிக்க இத்தனை பாடுபட்ட பையன், சொந்த அப்பாவோடு ஒரு வார்த்தை பேசமாட்டானாமா?” என்றாள் அவள். இந்த நாவலின் உண்மையான நரம்பு அங்கேதான் இருக்கின்றது. கோவாவில் இரு குடும்பங்களும் கூடிய பயணம் கசப்பில் முடிந்து, காதலும் முறிந்து, எல்லாம் போயிற்று என்ற நிலையில், எவரும் எதிர்பாராத வகையில், அந்தத் தந்தைதான் தனியே சென்னைக்குச் சென்று பெண்வீட்டாரிடம் பேசுகின்றார். திருமணம் நடக்கின்றது. நகைச்சுவைக்காக விற்ற நூல் இது. ஆனால் என் மனத்தில் நின்றது, மகனிடம் சொல்லாமல் மகனுக்காகத் தூது போன அந்த முரட்டுக் கிழவர்தான். ஆசிரியர் அவரை அவசரமாகத் திருத்திவிட்டார் என்பது உண்மையே. கதை முடிய வேண்டிய நேரத்தில் மனிதர் நல்லவராகிவிடுகின்றார். நாவல்களில் அப்படித்தான் நேரும்.

இந்தத் தூதைப் படித்தபோதுதான் எனக்குக் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஒன்று, கபிலர் பாடியது, 261 அடிகள். அதன் துறை ‘அறத்தொடு நிற்றல்’. தலைவி தன் காதலைத் தோழிக்குச் சொல்ல, தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் படிப்படியாக அறிவித்துச் சம்மதம் பெறும் முறையைத்தான் நம் அகப்பொருள் இலக்கணம் இப்பெயரால் வழங்குகின்றது. அந்தப் பாட்டில் தோழி செவிலியிடம் பேசுகின்றாள். காதலை மறைப்பது அறமன்று, உரியவரிடம் சொல்லி நிற்பதே அறம் என்பது இத்துறையின் கருத்து. மகிழ்ச்சியான செய்தி இனிமேல்தான் இருக்கின்றது. இந்தப் பாட்டைக் கபிலர் யாருக்காகப் பாடினார்? ஆரிய அரசன் பிரகத்தன் என்பவனுக்குத் தமிழை அறிவிப்பதற்காகப் பாடினார் என்று அதன் பழைய குறிப்புச் சொல்லுகின்றது. வடபுலத்து அரசன் ஒருவன் தமிழ் என்றால் என்ன என்று கேட்கின்றான். புலவர் அவனுக்கு இலக்கணம் கற்பிக்கவில்லை, போரைப் பாடவில்லை. ஒரு பெண்ணின் காதலை அவள் வீட்டார்க்கு எப்படி எடுத்துச் சொல்லுகின்றோம் என்பதைப் பாடிக் காட்டினார்!

சேதன் பகத் இதை அறிந்திருக்க வழியில்லை. ஆனால் தமிழ் வீட்டுக்குள் நுழைய விரும்பிய வடநாட்டு இளைஞனின் கதையை எழுதப்போய், அவரும் அதே துறையைத்தான் எழுதியிருக்கின்றார். ஒரு குறை மட்டும்: அவர் கதையில் தோழி இல்லை, செவிலி இல்லை. எல்லாப் பாத்திரங்களையும் கிரிஷ் ஒருவனே ஏற்று நடிக்கின்றான். அனன்யா படித்தவள், துணிந்தவள், வாதாடத் தெரிந்தவள். ஆயினும் தன் தாய்க்கு எதிரே அமர்ந்து தன் மனத்தைத் தன் மொழியில் சொல்லும் காட்சி ஒன்றை ஆசிரியர் அவளுக்குத் தரவில்லை. தந்திருந்தால் இது இன்னும் பெரிய நூலாகியிருக்கும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் “கபிலரைக் கேள்” என்று எழுதினேன்.

இன்னொரு குறையையும் மறைக்கலாகாது. இந்த இரண்டு மாநிலங்களும் வசதியுள்ள மாநிலங்கள். இருவரும் உயர்ந்த சாதியினர். பெரிய படிப்பும் பெரிய சம்பளமும் உடையவர்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் அவர்களுக்கு மனவருத்தம் உண்டு. உயிருக்கு ஊறு இல்லை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013இல் வெளிவந்தது. சோடாக் கடைக்காரக் குமரேசன், வேற்றுச் சாதிப் பெண் சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகின்ற கதை. அங்கே மொழி ஒன்றுதான், மாநிலம் ஒன்றுதான், அந்த ஊர் அவளைச் சூழ்ந்து தீயிடுகின்றது. அதைப் படித்தவர்கள் இதைப் படிக்கும்போது, நம் நாட்டில் மாநில எல்லையைத் தாண்டுவது எளிது, தெரு எல்லையைத் தாண்டுவதுதான் கடினம் என்பதை உணராமல் இருக்க மாட்டார்கள். நகைச்சுவை நாவல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. எனினும் அனன்யாவின் வீட்டாரது தயக்கத்தில் மொழி எவ்வளவு, நிறம் எவ்வளவு, சாதி எவ்வளவு என்று ஆசிரியர் ஒரு முறையாவது நிறுத்துப் பார்த்திருக்கலாம்.

தில்லித் தமிழரின் காதலைத் தமிழில் எழுதியவர்கள் உண்டு. ஆதவனும் இந்திரா பார்த்தசாரதியும் இந்நகரத்துத் தமிழ் மனங்களை உள்ளிருந்தே எழுதினார்கள். ஆனால் நம் பிள்ளைகள் அவற்றைப் படிப்பதில்லை. படிக்கத் தெரிவதில்லை என்பதே மெய். என் மகள் தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளைத் தமிழ் படிக்க வைக்கத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருந்தன. வீட்டுக்கு அருகில் வேறு பள்ளி இருந்தது. நான் அருகிலிருந்ததைத் தேர்ந்துகொண்டேன். அதனால் அவள் தன் மனத்தைத் தந்தைக்குச் சொல்ல ஒரு பஞ்சாபி எழுத்தாளரின் ஆங்கில நூலை நாட வேண்டியதாயிற்று. தோழி செய்ய வேண்டிய வேலையை அச்சிட்ட புத்தகம் செய்தது.

நாவலின் முடிவில் இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. அவை எந்த மாநிலத்தைச் சேர்ந்தவை என்றால், இந்தியா என்னும் மாநிலத்தைச் சேர்ந்தவை என்பது ஆசிரியரின் விடை. கேட்பதற்கு இனிய விடை. ஆனால் நேயர்களே, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிள்ளைகளை வளர்த்த நாம் அந்த விடையை அவ்வளவு எளிதாக ஏற்க முடியுமா? அனன்யா மயிலாப்பூர்ப் பெண். தன் ஊர் எது என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. என் மகளிடம் ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டால், கேட்பவர் யார் என்று பார்த்துவிட்டு விடை சொல்லுகின்றாள். தஞ்சாவூர்ப் பக்கம் என்பாள். அங்கே அவள் கழித்தது கோடை விடுமுறைகள் மட்டுமே. தில்லி என்பாள், ‘அப்படியானால் உண்மையில் எந்த ஊர்?’ என்று மறுபடி கேட்பார்கள். அவள் மணக்க விரும்பும் பையனோ, அவள் வளர்ந்த தெருக்களிலேயே வளர்ந்தவன். அவர்கள் இருவருக்கும் நடுவில் எந்த எல்லையும் இல்லை; எல்லை இருப்பது அவளுக்கும் எனக்கும் நடுவில். இந்த மூன்றாவது மாநிலத்தைப் பற்றி அந்த நூலில் ஒன்றும் இல்லை. அதை எழுத வேண்டியவர் அவரல்லர்.

நான் நூலைப் படித்து முடித்து மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஓரக் குறிப்புகளை அழிக்கவும் இல்லை.

பத்து நாட்கள் கழித்து ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தாள். குறிப்புகள் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாளாம். ஒரு வாரம் ஆயிற்றாம். “மயிலாப்பூரில் சிரிப்பவர்களும் உண்டு” என்பதைப் படித்துச் சிரித்தேன் என்றாள். பிறகு, “அப்பா, ‘கபிலரைக் கேள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கபிலர் யார்?” என்று கேட்டாள். அவள் பக்கத்தில் யாரோ மெல்ல இருமும் ஓசை கேட்டது.

தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னேன். என் மனைவியும் அருகில் வந்து உட்கார்ந்தாள். முன்னொரு காலத்தில் வடக்கேயிருந்து வந்த அரசன் ஒருவன் இருந்தான் என்று ஹிந்தியில் சொல்லத் தொடங்கினேன்.